இணையவழி முதுகலைப் பட்டம்: ஆராய்ந்து பெறுவோம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தொடங்கப்பெற்ற நாளில், நம் தெருக்களில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "நம் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுமா?" என்பதே அது. இன்று நம்மை நாடி வருவோர் கேட்கும் கேள்வி வேறு. "பணியில் இருந்துகொண்டே எம்.ஏ. படிக்க விரும்புகிறேன்; இணையவழியில் படித்தால் அந்தப் பட்டம் செல்லுமா?" என்று பேருந்து நடத்துநர் கேட்கிறார்; சத்துணவு அமைப்பாளர் கேட்கிறார்; கிராம நிர்வாக அலுவலகத்தில் பணியாற்றும் தம்பியும், தனியார் மருத்துவமனையில் கணக்கெழுதும் தங்கையும் கேட்கிறார்கள். கேள்வி மாறியிருப்பதே நம் வளர்ச்சியின் அடையாளம். அக்கேள்விக்குச் சரியான விடை தருவது இவ்வெள்ளி விழாவில் நாம் ஆற்றத்தக்க கடமைகளுள் ஒன்று எனக் கருதுகிறோம். ஆகவேதான் "கல்வியின் சிறப்பு" என்னும் வழக்கமான பொருளை விடுத்து இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

பட்டம் பிறருக்கு அணிகலனாக இருக்கலாம்; நமக்கு அது கவசம். அணிகலனில் ஒரு கல் போலியாக இருந்தால் அழகு சற்றே குறையும், அவ்வளவுதான். கவசத்தில் ஓட்டை இருந்தால் உயிரே போகும். நம் வீடுகளில் பட்டம் பெறும் முதல் தலைமுறையினரே இன்னும் மிகுதி. எது நல்ல பல்கலைக்கழகம், எது வெறும் விளம்பரம் என்று எடுத்துரைக்க வீட்டில் பெரியப்பாவோ மாமாவோ இல்லை. அந்த இடத்தை இன்று கைப்பேசியில் அழைக்கும் விற்பனைப் பிரதிநிதி நிரப்பிக்கொள்கிறார். மேலும், நம்மவர் ஒருவரின் சான்றிதழில் குறை காணப்பட்டால், அதனை அவரொருவரின் குறையாக உலகம் கொள்வதில்லை. "இவர்கள் எப்படிப் பட்டம் வாங்கினார்கள் என்பது தெரியாதா?" என்று நம் அனைவரின் தகுதியையும் ஐயுறுவதற்குக் காத்திருப்போர் இன்றும் உண்டு. அவர்களுக்கு அந்த வாய்ப்பை நாமே தருதல் ஆகாது.

நம் முன்னோர் இவ்வகையில் நமக்குக் காட்டிய வழி தெளிவானது. 1894ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் பள்ளி திறந்தார். அம்முயற்சிக்குத் துணை நின்றவர் பண்டிதர் அயோத்திதாசர். 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். அவர்கள் பெயரளவிற்கு ஒரு கூரையைப் போட்டுவிட்டு நின்றுவிடவில்லை. மெய்யான கல்வியை நாடினார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வோ, பணியாற்றிக்கொண்டே உயர்கல்வியை நாடும் ஒவ்வொருவருக்கும் பாடமாகும். பரோடா அரசின் உதவித்தொகையோடு 1913இல் அமெரிக்கா சென்று, 1915இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். இலண்டனில் தொடங்கிய படிப்பு, உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் இடையில் நின்றது. அவர் அதைக் கைவிட்டாரா? இல்லை. 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார், பொருள் சேர்த்தார், நண்பர்களின் உதவியும் பெற்றார், 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தார். அவரை வெறுத்தவர்கள் பலர் இருந்தனர். ஆயினும் அவர் பட்டங்களில் ஒன்றையேனும் ஐயுற்றவர் எவருமிலர். குறுக்குவழி ஒன்று அன்று அவர் முன் நீட்டப்பட்டிருந்தாலும் அவர் அதனைத் தொட்டிருக்கமாட்டார். ஏனெனில் பட்டத்தின் பயன் அது தாங்கி நிற்கும் உண்மையில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இனி, வீட்டிலிருந்து படித்துப் பெறும் பட்டத்தை இழிவாகப் பேசுவோருக்கு ஒரு சொல். கல்லூரி வாயிலில் கால்வைக்க இயலாதோருக்குக் கல்வியைக் கொண்டு சேர்க்கும் முயற்சி இந்தியாவில் நேற்றுத் தோன்றியதன்று. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் மாநிலத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியே வந்தன. 1982இல் ஐதராபாத்தில் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் அண்ணல் அம்பேத்கரின் பெயரையே தாங்கிற்று. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் மாநிலச் சட்டத்தினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அமைந்தன. நம் சமுதாயத்தின் ஆசிரியர்களும் எழுத்தர்களும் அலுவலர்களும் எத்தனையோ பேர் பகலில் பணியாற்றி, இரவில் அஞ்சலில் வந்த பாடநூல்களைப் படித்தே உயர்ந்தனர். ஆகவே அவ்வழி நம் வழி. அதனைப் பழிக்கோம், பாதுகாப்போம். பாதுகாத்தல் என்பது போலியை அதனின்று விலக்குதலே.

இணையவழிப் பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தனி விதிகளை வகுத்தது. பின்னர் 2020 செப்டம்பரில் தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் பொதுவான புதிய விதிகள் வெளிவந்தன. அவ்விதிகளின்படி ஏற்பளிக்கப்பெற்ற நிறுவனம் வழங்கும் தொலைநிலைப் பட்டமும் இணையவழிப் பட்டமும் கல்லூரிக்கு நேரில் சென்று பெறும் பட்டத்துக்கு நிகரானவை என்று 2022 செப்டம்பரில் மானியக் குழு தெளிவுபடுத்தியது. "ஏற்பளிக்கப்பெற்ற நிறுவனம்" என்னும் சொற்களை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். விளம்பரக்காரர்கள் "நிகரானது" என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். "ஏற்பளிக்கப்பெற்ற" என்பதை விட்டுவிடுகிறார்கள். எனவே ஒரு பட்டம் நம்பத் தக்கதா என்று அறிய ஐந்து கேள்விகளை நாம் கேட்டல் வேண்டும்.

முதற் கேள்வி: பட்டத்தை அளிப்பவர் யார்?

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை வரையறுத்துள்ளது. மத்தியச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவற்றுக்கே அவ்வுரிமை உண்டு. வேறு எவருக்கும் இல்லை. அறக்கட்டளையாகப் பதிவு செய்திருப்பதும், நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருப்பதும், ஐ.எஸ்.ஓ. தரச் சான்று பெற்றிருப்பதும் பட்டம் வழங்கும் உரிமை ஆகமாட்டா. "அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்" என்று பலகை வைத்திருப்போரைக் கண்டால், எதற்காகப் பதிவு பெற்றது என்று கேளுங்கள். தேநீர்க் கடைக்கும் அரசுப் பதிவு உண்டு.

இன்னொன்றையும் நினைவில் கொள்க. இன்று பாடங்களை விற்கும் வணிக நிறுவனங்கள் பல உள்ளன. விளம்பரத்தில் அவற்றின் பெயரே பெரிதாக நிற்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் மூலையில் இருக்கும். மென்பொருளும் தொழில்நுட்ப உதவியும் தருவதோடு அவற்றின் பணி முடிய வேண்டும். பாடம் நடத்துதல், தேர்வு வைத்தல், பட்டம் அளித்தல் ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் பிறரிடம் குத்தகைக்கு விடுதல் கூடாது என்பது விதி. இத்தகைய உரிமக் கூட்டு செல்லாது என்று 2022 சனவரியில் மானியக் குழுவே எச்சரித்தது. மேலும் "மாஸ்டர் புரோகிராம்", "எக்சிகியூட்டிவ் புரோகிராம்" என்னும் பெயருடைய பயிற்சிகள் எல்லாம் முதுகலைப் பட்டம் அல்ல. அவற்றின் முடிவில் கிடைப்பது வெறும் சான்றிதழாகவும் இருக்கலாம். மானியக் குழு 2014இல் வெளியிட்ட பட்டப் பெயர்ப் பட்டியலில் உள்ள பெயரா அது என்று பாருங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழு வெளியிட்டு வருகிறது. அதனையும் ஒருமுறை படித்துவிடுதல் நலம்.

இரண்டாம் கேள்வி: அந்தப் படிப்புக்கு, அந்தப் பருவத்தில், இசைவு உண்டா?

பல்கலைக்கழகம் மெய்யானது என்பதால் அது நடத்தும் எல்லாப் படிப்பும் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. நம் மக்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுவே. நிறுவனத்துக்கு ஏற்பு இருத்தல் ஒன்று. குறிப்பிட்ட படிப்பை இணையவழியில் நடத்த இசைவு இருத்தல் மற்றொன்று. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய இசைவின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை வழங்கின. அவை பெயர் பெற்ற நிறுவனங்களே. ஆயினும் 2017 நவம்பர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்களை நிறுத்திவைத்து, தேர்வெழுதித் தேறினால் மட்டுமே அவை செல்லும் என்றது. அதற்குப்பின் சேர்ந்தோரின் பட்டங்களை இரத்து செய்தது. அப்பட்டங்களைக் கொண்டு பணியில் சேர்ந்து, உயர்வும் பெற்று, குடும்பம் நடத்திவந்தோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்லர். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவர்கள்.

இசைவு ஆண்டுதோறும் மாறுதலும் உண்டு. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை, வேளாண்மை முதலியவற்றை இணையவழியிலோ தொலைநிலையிலோ பட்டமாக நடத்தலாகாது. உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டமும் முதலிய நலவாழ்வுத் துறைப் படிப்புகளும் 2025 சூலை–ஆகஸ்டு சேர்க்கைப் பருவம் முதல் அவ்வாறே நிறுத்தப்பட்டன. முந்தைய ஆண்டு அண்ணன் சேர்ந்த படிப்பில் அடுத்த ஆண்டு தம்பி சேர இயலாத நிலை இதனால் உண்டாகலாம். ஆகவே அண்ணனின் சான்றிதழைப் பார்த்துத் தம்பிக்குப் பணம் கட்டுதல் கூடாது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. போன்றவற்றுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் இசைவு தேவையா, பெற்றிருக்கிறார்களா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இதை அறிவதற்குத் தரகர் எவரும் வேண்டியதில்லை. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் இணையதளத்தில், எந்த நிறுவனம், எந்தப் படிப்பு, எந்தப் பருவம் என்பவை வெளியிடப்படுகின்றன. அப்பட்டியலில் உங்கள் படிப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் வந்துவிடும்" என்பது இசைவு ஆகாது. 2024 முதல் இணையவழியிலும் தொலைநிலையிலும் சேரும் ஒவ்வொரு மாணவரும், தம் கல்விக் கணக்கு எண்ணைக் கொண்டு அவ்விணையதளத்தில் தமக்கென ஓர் அடையாள எண்ணைத் தாமே பெற்றாக வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

தொலைநிலைக்கும் இணையவழிக்கும் உள்ள வேற்றுமையும் அறியத்தக்கது. முழுதும் இணையத்தில் நடைபெறும் படிப்புக்கு மாநில எல்லை இல்லை. தொலைநிலைப் படிப்புக்கோ எல்லை உண்டு. வெளிமாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் "தொலைநிலைக் கல்வி மையம்" என்று நம்மூர்க் கடைத்தெரு மாடியில் பலகை தொங்கினால், அது எந்த அதிகாரத்தால் தொங்குகிறது என்று வினவுதல் வேண்டும்.

நாம் அறிந்த தங்கை ஒருவர், தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்தில் பணியாற்றிக்கொண்டே இத்தகைய மையம் ஒன்றில் பணம் கட்டினார். தாயின் காதணிகளை அடகு வைத்த பணம் அது. இரண்டாண்டில் பட்டமும் வந்தது. அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றார். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில், அவர் சேர்ந்த ஆண்டில் அப்படிப்புக்கு இசைவு இல்லை என்பது வெளிப்பட்டது. அவர் பெற்ற மதிப்பெண் மெய், உழைப்பு மெய், அறிவும் மெய். பட்டம் மட்டும் செல்லவில்லை. மையத்தின் பலகை இருந்த இடத்தில் அப்போது கைப்பேசிக் கடை இருந்தது.

மூன்றாம் கேள்வி: நாம் எண்ணிய காரியத்துக்கு அப்பட்டம் பயன்படுமா?

செல்லும் பட்டம் எல்லாம் உங்கள் காரியத்துக்கு உதவும் என்று சொல்ல முடியாது. பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாவி செய்ய வேண்டும். பதவி உயர்வு வேண்டியா, ஆசிரியர் பணி வேண்டியா, தனியார் நிறுவனத்தில் ஊதிய உயர்வு வேண்டியா, முனைவர் பட்ட ஆய்வுக்கா, அன்றி அறிவு வேட்கையால் மட்டுமா என்பதை முதலில் முடிவு செய்க.

அரசுப் பணியை நாடுவோர் படிப்பின் வரிசையைக் கவனித்தல் வேண்டும். இளங்கலை பயிலாமல் நேரே முதுகலைப் பட்டம் பெறும் வழி ஒரு காலத்தில் திறந்திருந்தது. பலர் அதனை நற்பேறு என்று எண்ணிச் சேர்ந்தனர். அடிப்படைப் பட்டம் இன்றித் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் பதவிக்குத் தகுதியாகாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்னும் படிகளைக் கடந்தபின் திறந்தநிலையில் பெறும் பட்டங்களே பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று அரசாணை பிறப்பித்தது. ஏணியில் நடுப்படி இல்லையெனில் மேற்படியில் நின்று பயனில்லை.

முதுகலைப் பட்டதாரி ஆசிரியராக விரும்புவோர், இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடத்தைப் படித்திருத்தலோ, இணையான பாடம் என்று அரசு ஏற்றிருத்தலோ வேண்டும். பட்டத்தின் பெயர் புதுமையாக இருந்தால் இணைத்தன்மை ஆணை உண்டா என்று தேடுங்கள். பணியில் இருப்போர் படிப்பில் சேருமுன் தம் துறைத் தலைமையிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் இன்றியமையாதது. படித்து முடித்தபின் அனுமதி கேட்பது, மழை பெய்து முடிந்தபின் கூரை வேய்வதற்கு ஒப்பாகும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பட்டங்களில் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். வணிக நிறுவனங்கள் வாயிலாக வழங்கப்பெறும், தன் இசைவு பெறாத வெளிநாட்டுப் பட்டங்களை ஏற்பதற்கில்லை என்று 2023 டிசம்பரில் மானியக் குழு அறிவித்தது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்குவதற்கென 2025இல் தனி விதிகளும் வந்துள்ளன. அப்பட்டம் அந்நாட்டில் எத்துணைப் புகழ் பெற்றிருப்பினும், இணைத்தன்மை கிடைக்குமா என்பது உறுதியான பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

நான்காம் கேள்வி: அங்கே மெய்யாகவே பாடம் நடக்கிறதா?

சட்டத்துக்கு உட்பட்ட பட்டமும் அறிவில்லாப் பட்டமாக இருத்தல் கூடும். இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு மதிப்புப் புள்ளி என்பது 30 மணி நேரப் படிப்பு. இரண்டாண்டு முதுகலைக்கு 80 புள்ளிகள் என்றால் மொத்தம் 2,400 மணி நேரம் ஆகிறது. இரண்டாண்டுகளில் 104 வாரங்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று மணிக்கு மேல். பாடம் கேட்பதும், நூல் படிப்பதும், கட்டுரை எழுதுவதும், ஐயம் கேட்பதும் எல்லாம் இதனுள் அடங்கும். "வாரத்துக்கு ஒரு மணி போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவர் எந்த மீதியைப் பார்த்துக்கொள்வார்? உங்களுக்காக அவர் படிப்பாரா? இரண்டாண்டுப் படிப்பை ஆறு மாதத்தில் முடித்து, பழைய தேதியிட்டுப் பட்டம் தருவோரோ நேரே சிறைக்கு வழி காட்டுபவர்கள்.

ஆகவே கேளுங்கள்: பாடம் நடத்தும் ஆசிரியர்களின் பெயர்களும் தகுதியும் வெளியிடப்பட்டுள்ளனவா? ஐயம் கேட்டால் எத்தனை நாளில் விடை வரும்? எழுதி அனுப்பும் கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வருமா, மதிப்பெண் மட்டும் வருமா? தேர்வு கண்காணிப்புடன் நடைபெறுகிறதா? பருவ இறுதித் தேர்வுக்கு நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாத மதிப்பு உண்டா? நூலகம் உண்டா? அங்கே படித்து முடித்தவர் இருவரோடு, நிறுவனம் தேர்ந்தெடுத்துத் தருபவரோடு அன்றி நாமே தேடிக் கண்டவரோடு, பேச முடியுமா? இவற்றுக்கு நேரான விடை தரும் நிறுவனம் பெரும்பாலும் நேரானதாகவே இருக்கும். இவற்றைக் கேட்டவுடன் "இன்றே சேர்ந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி" என்று பேச்சை மாற்றும் நிறுவனத்தை நம்பற்க.

இதே கணக்கை நம் பக்கமும் திருப்ப வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் நம்மிடம் உண்டா? இரவுப் பணி முடித்து வருவோர், சமையலும் பிள்ளைகளும் தம் தலையில் இருக்கும் பெண்கள், வீட்டில் ஒரே அறையும் ஒரே கைப்பேசியும் உள்ளோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயலாது என்று சொல்வதற்காக அன்று. இயலும்படி செய்வதற்காகச் சொல்கிறோம். மனைவி படிக்கும்போது கணவன் அடுப்பைப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு முதுகலைப் பட்டம் வரும்; அடுப்பு அணைந்துவிடாது.

ஐந்தாம் கேள்வி: பணம் எவ்வழியே போகிறது?

கட்டணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கே சென்று, அதன் பெயரிலேயே பற்றுச்சீட்டு வருதல் வேண்டும். தனி நபரின் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்குப் பின்னர் பொறுப்பேற்பார் எவருமிலர். தேர்வுக் கட்டணம், பட்டச் சான்றுக் கட்டணம், பிற கட்டணங்கள் அனைத்தையும் கூட்டி முழுத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் வாங்குங்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்னும் சொல் இனிமையானது. அதன் பின்னே பெரும்பாலும் ஒரு கடன் நிறுவனம் இருக்கும். நீங்கள் கையெழுத்திடுவது சேர்க்கைப் படிவம் என்று எண்ணியிருப்பீர்கள். அதனுள் கடன் ஒப்பந்தம் இருக்கும். படிப்பு நின்றாலும் தவணை நிற்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாட்டைத் தவிர்க்குமாறு 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே பெற்றோரையும் மாணவரையும் எச்சரித்தது. கந்துவட்டிக்கும் பண்ணைக் கடனுக்கும் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டிருந்த மக்கள் நாம். விடுதலைக்கென வந்த கல்வியின் பெயராலேயே மீண்டும் கடனில் வீழ்தல் தகுமா? அரசுப் பல்கலைக்கழகங்களின் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு உட்பட்டோர், மேல்நிலைக் கல்வி உதவித்தொகையில் தம் படிப்புக்கு இடம் உண்டா என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்ட பின்னரே கடன் பற்றி எண்ணுங்கள்.

இவ்வைந்து கேள்விகளையும் கேட்டபின், "இவ்வளவும் எதற்கு? தனியார் நிறுவனத்தில் ஏதாவது ஒரு சான்றிதழ் இருந்தால் போதுமே" என்று சில இளைஞர்கள் சொல்லக்கூடும். தம்பிகளே, தனியார் நிறுவனங்களும் இன்று பட்டங்களைச் சரிபார்க்கின்றன. பல்கலைக்கழகங்கள் தம் சான்றுகளை டிஜிலாக்கரில் சேர்த்துவரும் காலம் இது. நாளை அரசுப் பணியோ ஆசிரியப் பணியோ உங்களைத் தேடி வரும்போது இந்தப் பட்டம் உடன் வர வேண்டாமா? முப்பது வயதில் பெறும் பட்டத்தை ஐம்பது வயது வரை சுமக்க வேண்டும். சுமை தாங்காத பட்டம் எதற்கு?

வேறு சிலர், "எவ்வளவு நல்ல இணையவழிப் பட்டமாயினும் கல்லூரிப் பட்டம் போல மதிக்கமாட்டார்களே" என்று கவலையுறுகின்றனர். இக்கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. விதி நிகர் என்று சொன்னாலும் மனிதர் மனம் உடனே நிகராகாது. ஆயினும் நேர்முகத் தேர்வில் உங்கள் முன் அமர்ந்திருப்பவர் பட்டத்தோடு பேசப்போவதில்லை; உங்களோடு பேசப்போகிறார். 2,400 மணி நேரம் உழைத்துப் படித்தவரின் விடையில் அவ்வுழைப்பு ஒலிக்கும். பிறப்பின் பெயரால் நம்மை நிகரல்லர் என்றவர்களுக்கு நாம் விடையளித்தது எவ்வாறு? நின்று காட்டி விடையளித்தோம். இதற்கும் அவ்வாறே.

இறுதியாக, கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவையும் தனியொருவர் தாமே தேடி அறிதல் கடினம். அதனால்தான் தனியொருவர் ஏமாற்றப்படுகிறார். கூடிக் கேட்டால் ஏமாற்றுதல் அரிது. கழகத்தின் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் மாலையில் இருவர் அமரட்டும். ஒருவர் அரசுப் பணியில் இருப்பவர். மற்றவர் இணையம் நன்கு அறிந்த இளைஞர். உயர்கல்வியில் சேர விரும்பும் எவரும், பணம் கட்டுமுன் தம் சேர்க்கைப் படிவத்தோடு அங்கே வரட்டும். மானியக் குழுவின் பட்டியலை அவர் கண்முன்னேயே திறந்து பார்த்து, அப்பக்கத்தை அச்செடுத்து, தேதியிட்டு அவர் கையில் கொடுங்கள். ஐந்தாண்டு கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் எவரேனும் ஐயுற்றால், "நான் சேர்ந்த நாளில் இசைவு இருந்தது" என்பதற்கு அத்தாள் சான்றாகும். மற்றொரு பேரேட்டில், நம்மவருள் யார் எங்கே படித்தார், அங்கே பாடம் எவ்வாறு நடந்தது, மொத்தம் எவ்வளவு செலவாயிற்று, அப்பட்டம் எந்த அலுவலகத்தில் ஏற்கப்பட்டது என்று எழுதி வையுங்கள். பத்தாண்டுகளில் அப்பேரேடு எந்த விளம்பரமும் தர முடியாத வழிகாட்டியாக விளங்கும். படிப்போருக்கு மாலை நேரத்தில் படிப்பகத்தின் ஒரு மேசையும், விளக்கும், இணைய இணைப்பும் ஒதுக்குவீர்களானால் அது இவ்வெள்ளி விழாவின் நிலையான நினைவுச் சின்னமாகும்.

இளைஞர்களே! படியுங்கள், மேலும் படியுங்கள், பணியில் இருந்தாலும் படியுங்கள், வயது நாற்பதைக் கடந்தாலும் படியுங்கள். ஆனால், பட்டமளிப்பு மேடையில் அணியும் அங்கியை எண்ணிச் சேராதீர்கள். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையை எண்ணிச் சேருங்கள். அந்த மேசையின் முன் நீங்கள் தலைநிமிர்ந்து நிற்கும் நாளில், உங்களோடு சேர்ந்து இந்தத் தெருவே தலைநிமிர்ந்து நிற்கும்.